தகர டின்னுக்குள் ஒரு பொய்ச்சொல்

வேதமாணிக்கம் சார் மடியில் வைத்திருந்த துணிப்பைக்குள் ஒரு திருட்டுப் புத்தகம் இருந்தது. திருட்டைக் கண்டுபிடிப்பதற்காகத் திருடியது திருட்டில் சேராது என்று அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஏழெட்டுத் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாயிற்று, ஆனாலும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றபோது கை தானாகப் பையின் வாயைப் பொத்தியது. கண்டக்டர் பையையே ஒரு கணம் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தானா? பாளையங்கோட்டை என்று இவர் சொன்ன குரலில் என்ன இருந்ததோ, அவன் திரும்பவும் ஒருமுறை இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கிழித்தான். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த மனுஷன், எத்தனையோ பையன்களின் பையைச் சோதனை போட்டவர், எழுபத்தொன்றாவது வயதில் எதிர்வீட்டு வராந்தாவிலிருந்து புத்தகம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். யார் தூக்க வைத்தது? எல்லாம் அந்தப் பெருமாள். சிவனணைஞ்ச பெருமாள், ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், இருபத்தாறு வருஷமாக எதிர்வீடு, இருபத்தாறு வருஷமாகச் சாயங்காலம் ஐந்தரை மணி காப்பிக்கு ஆள் தவறாமல் வந்து உட்காருகிற சிநேகிதர். அவர் இன்றைக்கு நாலு மணிக்குப் பாளையங்கோட்டை நூலக அரங்கத்தில் புத்தகம் வெளியிடுகிறார். பழைய இங்கிலீஷ் வார்த்தைகளெல்லாம் எங்கே பிறந்தன, ஆதியில் என்ன அர்த்தத்தில் இருந்தன என்று ஒரு புத்தகம். போஸ்ட்மாஸ்டருக்கு எதற்கு இங்கிலீஷ் வார்த்தையின் ஜாதகம்? கேட்டால், எல்லாம் உங்ககிட்ட கேட்டதுதான் சார் என்று சிரிப்பு. சரி, அந்தப் புத்தகத்தைக் கண்ணில் காட்டு என்றால், "இப்பக் காட்டமாட்டேன் சார், அங்க மேடையில வச்சுப் பாருங்க, நீங்கதான வாழ்த்துரை" என்று மறுபடியும் சிரிப்பு. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் ஏன் ஒளிக்கிறான்? காலையில் இவர் எதிர்வீட்டுக்குப் போனபோது பெருமாள் புத்தகக் கட்டுகளோடு வேனில் போயாகிவிட்டது. வராந்தா ஊஞ்சலில் பிரித்த கட்டு ஒன்று மிச்சம் கிடந்தது. பெருமாளின் சம்சாரம் செல்லம்மாள் உள்ளே மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். மிக்ஸி நிற்பதற்குள் ஒரு புத்தகம் பைக்குள் வந்துவிட்டது.

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. கீழே தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது, இவர் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை, மனசு வீட்டு அலமாரியில் இருக்கிற நாலு பிஸ்கட் டின்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைக் கத்தரித்துக் கத்தரித்துச் செய்த அட்டைகள், ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை, நாலாயிரத்துச் சொச்சம். முன்பக்கம் வார்த்தை, அதன் ஊர், அதன் வயசு, ஒரு காலத்தில் அது என்னவாக இருந்தது. பின்பக்கம் யாரோ ஒருவரின் அருமை மகளுக்கும் யாரோ ஒருவரின் மூத்த குமாரனுக்கும் கல்யாணம். ‘விண்டோ’ என்பது காற்றின் கண். ‘லேடி’ என்பது ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். இதைச் சொன்ன அன்றைக்கு இவர் சம்சாரம் கிருபாவதி தோசை மாவுக் கையோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப ஆயிரம் வருசமா இதே வேலைதானா? ஒரு முன்னேத்தமும் இல்லையாக்கும்" என்றாள். பெருமாள் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு நிஜமா? அப்போதே மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தாரோ என்னவோ. ‘நைஸ்’ என்றால் ஆதியில் ஒன்றும் தெரியாத மடையன், ‘கன்னிங்’ என்றால் படித்த அறிவாளி, ‘வில்லன்’ என்றால் பண்ணையில் ஏர் பிடிக்கிற அப்பாவி. நாலாயிரம் வார்த்தைகளைப் பார்த்தாயிற்று, பாதிக்குப் பாதி நடுவழியில் கட்சி மாறினவை. வார்த்தையே இப்படி மாறும் என்றால் மனுஷன் மாறாமலா இருப்பான்? ‘கெஸ்ட்’ என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள், விருந்தாளி. அதன் வேரையும் பகைவனைக் குறிக்கிற லத்தீன் வார்த்தையின் வேரையும் தோண்டிக்கொண்டே போனால் இரண்டும் ஒரே குழியில் போய் முட்டும். வாசலில் நிற்கிற அந்நியன், அவ்வளவுதான், நல்லவனா கெட்டவனா என்பது உள்ளே விட்ட பிறகுதான் தெரியும். அந்த ‘கெஸ்ட்’ அட்டையில்தான் போன தை மாதம் இவர் அதைப் பார்த்தார். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் ரேகை. விபூதி. இந்த வீட்டில் யார் விபூதி பூசுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டு அலமாரியில், மூடி போட்ட டின்னுக்குள், நெற்றி நிறைய விபூதி பூசுகிறவரின் விரல் எப்படி வந்தது? அந்த டின்னில் அட்டைகளின் வரிசையும் மாறியிருந்தது. இவர் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் ஐந்தரைக்குக் காப்பி கொடுத்தார், பெருமாளின் விரல்களையே பார்த்துக்கொண்டு.

ஆனால் வெறும் விரல் ரேகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வார்த்தைகள் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. ‘விண்டோ’ காற்றின் கண் என்று எந்த நல்ல அகராதியிலும் கிடக்கும், உன் அட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று யார் ஒப்புக்கொள்ளுவார்கள்? அங்கேதான் வேதமாணிக்கம் சாரின் கெட்டிக்காரத்தனம் வருகிறது, அதை நினைக்கும்போது பஸ் ஜன்னலோரத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. மிஷன் நூலகத்துப் பழைய பத்திரிகை ஒன்றில் எப்போதோ வாசித்தது: அகராதி போடுகிறவர்கள் வேண்டுமென்றே உலகத்தில் இல்லாத ஒரு வார்த்தையை உள்ளே போட்டு வைப்பார்களாம். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு மாதிரி. வேறு அகராதியில் அந்த வார்த்தை தலைகாட்டினால் திருடன் அகப்பட்டான். இவரும் ஒன்று போட்டிருந்தார். நாலாயிரத்தில் ஒன்றே ஒன்று. ‘ஸெட்லோம்’. முன்பாதி நிஜம், பழைய இங்கிலீஷில் ஆசனத்துக்கு அப்படித்தான் பெயர். வால் இவர் ஒட்டினது. அர்த்தம்: ஒருவர் எழுந்து போன பிறகும் நாற்காலியில் தங்கியிருக்கும் சூடு. பொய்க்குக் கைகால் வேண்டுமே, அதற்காக ஊரும் கொடுத்தார், வடக்கு இங்கிலாந்துக் கம்பளி நெசவாளர்கள் பேசினது, நானூறு வருஷத்துக்கு முன்னால் வழக்கொழிந்தது. இன்றைக்கு அம்பை பஸ் நிலையத்தில், பஸ் புறப்படுவதற்கு முன்னால், பைக்குள்ளேயே கையை விட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவை மட்டும் விரித்துப் பார்த்தார். விரல் ‘ஸ’ வரிசையில் இறங்கிக்கொண்டே வந்தது. இருந்தது. ஸெட்லோம், பக்கம் 118. நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது, சந்தோஷத்தில்தான், சந்தோஷம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். புத்தகத்தை உடனே மூடிவிட்டார். 118ஆம் பக்கத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை? பக்கத்தில் ஆள் வந்துவிட்டது, கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது, பஸ் புறப்பட்டுவிட்டது. அதெல்லாம் காரணமா? போனால் என்ன, நாலு மணிக்கு மேடையில் போய்க்கொள்ளலாம். வாழ்த்துரை என்று மைக்கைக் கொடுப்பார்கள். புத்தகத்தைப் பிரித்து, அன்பர்களே, 118ஆம் பக்கத்தைப் பாருங்கள், இந்த வார்த்தை உலகத்தில் எந்த அகராதியிலும் கிடையாது, என் வீட்டு பிஸ்கட் டின் ஒன்றைத் தவிர. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். காலேஜ் புரொபசர்கள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். இருபத்தாறு வருஷத்துச் சிநேகிதம் அந்த இடத்திலேயே அறுந்து விழும். விழட்டும். பெருமாளின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றார், சட்டையில் காப்பி சிந்தின முகம்தான் வந்தது.

கல்லிடைக்குறிச்சியில் முன் சீட்டில் இருந்த ஒருவர் இறங்கினார். கூடையோடு நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் அந்த இடத்துக்கு நகர்ந்தாள், ஆனால் உட்காரவில்லை, உள்ளங்கையால் சீட்டை நாலு தட்டு தட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உக்காருங்கம்மா, எடம்தான் இருக்குல்லா" என்று கண்டக்டர் சத்தம் போட்டான். "இருக்கட்டும்யா, சூடா இருக்கு. ஆறட்டும்." யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இவருடைய அம்மாவும் அப்படித்தான். அடுத்தவன் உட்கார்ந்து எழுந்த சூட்டில் உட்காராதல, அவன் உடம்புச் சூடு உனக்கு ஏறும், கட்டி வரும். சின்ன வயசில் ஏறின பழக்கம், பஸ்ஸோ பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, இவரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கும் நின்றார். அன்றைக்கு என்றால், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், மேடையில் என்ன பேசுவது என்று நினைக்க வேண்டும். அன்பர்களே, 118ஆம் பக்கம். கூடைக்கார அம்மாள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் ஆகும் ஆறுவதற்கு? பிரம்பு நாற்காலி என்றால் சீக்கிரம் ஆறாது. ஃபேனுக்கு நேர் கீழே கிடந்தது அந்தப் பிரம்பு நாற்காலி, அதில்தான் கிருபாவதி எப்போதும் உட்காருவாள், இவருக்கு அதன்மேல் ஒரு கண். பால் பொங்குது என்று அவள் எழுந்து போனாள். இதுதான் சமயம் என்று இவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து அதில் உட்காரப் போனார், இருக்கையில் கை பட்டது, சூடு. சே, என்றுகூட வாய்க்குள் சொன்னார். சொன்னாரே! ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு அது ஆறட்டும் என்று காத்திருந்தார். அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ. அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பாத்திரம்தானே என்று இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகுதான் பால் தீய்கிற வாசனை வந்தது, பிறகுதான் ஓடினார். டாக்டர், உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது சார் என்றார், டாக்டர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. பெண்டாட்டி சாகிற நேரத்தில் இந்த மனுஷன் அவள் உடம்புச் சூடு ஆறுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கூடைக்கார அம்மாள் மறுபடியும் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

வீரவநல்லூர். இளநீர் வண்டி, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள், ஹாரன். இவர் மனசைப் பிடித்து இழுத்துத் திரும்பவும் விபூதி ரேகைக்குக் கொண்டுவந்தார், சந்தேகப்படுவது எவ்வளவோ தேவலை, அதில் கால் ஊன்றி நிற்கலாம். எப்போது நடந்திருக்கும்? கார்த்திகை மழையில். கண் ஆபரேஷனுக்கு இவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று நாள் தாராளமாகப் போதும், போஸ்டாபீஸ்காரனுக்கு எழுதுவதில் வேகத்துக்கு என்ன குறைச்சல். வீட்டில் இருந்தது மருமகள் ஷீபா மட்டும்தான். கேட்டதற்கு அவள், "மாமா, மழைத் தண்ணி ஒழுகி அலமாரிக்குள்ள போயிட்டு. டின்னெல்லாம் நனைஞ்சு போச்சு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. பெருமாள் மாமாதான் ஓடி வந்து, ஒவ்வொரு அட்டையா எடுத்து ஃபேனுக்குக் கீழ காயவச்சுட்டு, ரெண்டு நாளும் இங்கயே உக்காந்து அடுக்குனாங்க" என்றாள். சொல்லிக்கொடுத்த மாதிரி எவ்வளவு சரளமாகச் சொன்னாள்! ஏன் நான் வந்ததும் சொல்லவில்லை என்று கேட்டால், "கண்ணு ஆறட்டும், சார் கேட்டா மனசு ஒடைஞ்சு போவாருன்னு அவங்கதான் சொல்லவேண்டாம்னாங்க." அப்படியானால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க இவர் ஷீபா வைத்த சாம்பாரைக்கூட ஒரு சந்தேகத்தோடுதான் சாப்பிட்டார். ஆனால் அட்டைகளின் ஓரம் அலையலையாக நெளிந்திருந்தது உண்மைதானே. மை பரவியிருந்ததும் உண்மை. பரவின இடத்திலெல்லாம் யாரோ பென்சிலால் எழுத்தின் மேலேயே மெல்ல எழுதி உயிர் கொடுத்திருந்ததும் உண்மை. அதை அப்போது இவர், நகல் எடுத்த தடயம் என்று நினைத்தார். திருடனுக்கு எதற்கு அட்டையில் பென்சில்? அவன் நோட்டில் அல்லவா எழுதுவான்? இந்தக் கேள்வி தொண்டையில் மீன் முள் மாதிரி மாட்டியது, விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் பயமாக இருந்தது.

சேரன்மகாதேவியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது, டிரைவர் டீ குடிக்கப் போனார். பஸ் ஓடும்போது பரவாயில்லை, நின்றால்தான் கஷ்டம், நினைப்பு வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பொறி, பொறி என்கிறோமே, அந்த வார்த்தையை எப்போது செய்தோம்? மிஷன் நூலகத்தில் அந்தப் பத்திரிகையை வாசித்த பிறகு. அப்படித்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகையை வாசித்தது ஆகஸ்டில், அன்றைக்குச் சுதந்திர தினத்துக்கு நூலகத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னாலேயே அந்த வார்த்தை இருந்ததே. இருந்ததா? கிருபாவதியின் முதலாண்டு நினைவு ஜெபம் ஜூலையில். வீட்டு முன்னறையில் ஜமக்காளம் விரித்து நாற்பது ஐம்பது பேர். சர்ச்சிலிருந்து வந்த ஐயர் ஜெபம் பண்ணி முடித்துவிட்டு, சார் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். இவர் எழுந்தார், பிரம்பு நாற்காலியைப் பார்த்தார், அதில் அவள் போட்டோவை வைத்து மாலை போட்டிருந்தார்கள். அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தத்தைச் சொல்ல வாய் வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாத்தியார் புத்தி, வெளியே வந்தது வேறு. பழைய இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு, என்று ஆரம்பித்தார். ஒருவர் எழுந்து போன பிறகும் நாற்காலியில் தங்கியிருக்கிற சூட்டுக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஸெட்லோம் என்று. இந்த வீட்டில் எனக்கு மிச்சம் இருப்பது அதுதான். பெண்கள் அழுதார்கள். ஐயர் தலையை ஆட்டினார். அத்தனை பேருக்கும் முன்னால், செத்தவளின் போட்டோவுக்கு முன்னால், வேதப்புத்தகத்துக்கு முன்னால், இல்லாத ஒரு வார்த்தையை அந்த நிமிஷத்தில் கட்டி நிறுத்திவிட்டார், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்காக. அடுத்த மாதம் பத்திரிகையில் அந்தச் சங்கதியை வாசித்ததும் மனசு எவ்வளவு சௌகரியமாக அதைப் பிடித்துக்கொண்டது! அது பொய் இல்லை, பொறி. அட்டை எழுதி டின்னில் போட்டாயிற்று. எட்டு வருஷமாகப் பொறி என்றே நினைத்தும் பழகிவிட்டது. டிரைவர் வந்து ஏறினார், கதவை அடித்துச் சாத்தினார்.

பத்தமடை வரும்போது மீதியும் வந்துவிட்டது, கூப்பிடாமலேயே. ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பெருமாள் மட்டும் வாசற்படியில் நின்றார். கண் சிவந்திருந்தது. "சார், அந்தச் சொல்ல ஒரு தடவ எழுதிக் குடுங்களேன். மறந்துரும் எனக்கு" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மணியார்டர் பாரத்தை எடுத்து நீட்டினார். இவர் வாங்கி, அதன் பின்பக்கத்தில், இங்கிலீஷ் எழுத்தில், வாத்தியார் கையெழுத்தில், எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்தார். கம்பளி நெசவாளர்களையும் நானூறு வருஷத்தையும் அப்போதுதான் சேர்த்தார். கேட்டவர் அழுதுகொண்டிருக்கிறார், இவர் பொய்க்குக் கால் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆக இந்த வார்த்தைக்காக யாரும் டின்னைத் திறக்கவில்லை. பொறியைக் கையில் எடுத்துப் போய் எலியின் வாயில் ஊட்டிவிட்டு, எலி தின்றுவிட்டது என்று பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறியிருக்கிறார். வெட்கம் காதுவரை ஏறியது. ஆனால் மனசு லேசுப்பட்டதா? வெட்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு சந்தேகம் எழுந்தது. பெருமாள் ஆழம் பார்க்கிறவர், எதையும் சோதிக்காமல் விடமாட்டார். தபாலில் வந்த விலாசம் தப்பு என்றால் ஊர் ஊராக எழுதிக் கேட்பவர். அவர் இந்த வார்த்தையைத் தேடியிருப்பார். கிடைத்திருக்காது. பொய் என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் போட்டார்? தெரிந்ததால்தான் போட்டாரா? எனக்குப் பொறி வைத்திருக்கிறாரா?

மேலப்பாளையம் தாண்டினதும் நெரிசலில் பஸ் நின்று நின்று போயிற்று. இனிமேல் ஒத்திப்போட வழியில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று புத்தகத்தை வெளியே எடுத்து 118ஆம் பக்கத்தைப் பிரித்தார். வார்த்தை, அர்த்தம், கம்பளி நெசவாளர்கள், எல்லாம் இவர் சொன்னபடியே. அதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘இச்சொல்லை நான் தேடிய பதினோரு அகராதிகளில் காணவில்லை. மதுரையிலும் சென்னையிலும் உள்ள நூலகங்களுக்கு எழுதிக் கேட்டேன், அங்கும் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் இதை எனக்குச் சொன்னவர் திரு. வேதமாணிக்கம். தம் மனைவியின் நினைவு நாளில் சொன்னார். அகராதிகள் விட்டிருக்கலாம், சார் தவறாகச் சொல்லமாட்டார். ஆகவே சேர்த்திருக்கிறேன்.’ இரண்டு தடவை வாசித்தார். பிறகு மூன்றாவது தடவை, இதில் எங்கேயாவது குத்தல் இருக்கிறதா என்று தேடி வாசித்தார். ‘சார் தவறாகச் சொல்லமாட்டார்’. பரிகாசமா? இன்றைக்கு ஒரு புரொபசர் எழுந்து இது போலிச் சொல் என்றால் யார் தலை உருளும்? என் தலையா, அவர் தலையா? என் பெயரை அச்சில் ஏற்றிச் சாட்சிக்கூண்டில் நிறுத்திவிட்டாரே. அல்லது ஒன்றும் இல்லை, அவர் நம்பினார், அவ்வளவுதான். இந்தக் கடைசி நினைப்புத்தான் இவரை ரொம்பப் பயப்படுத்தியது. திருடனாக இருந்தால் திட்டலாம், பொறி வைத்தவனாக இருந்தால் தப்பலாம், நம்பினவனை என்ன செய்வது? பஸ் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், கடைசி ஆளாக இவரும் இறங்கினார்.

அரங்கத்தில் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளெல்லாம் நிறைந்திருந்தன. ஒன்றில் பெருமாள் உட்கார்ந்திருந்தார், புது வேட்டி, நெற்றியில் மூன்று பட்டை, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பையன் மாதிரி. இவரைக் கண்டதும் துள்ளி எழுந்தார். "வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் இந்தச் சேர்ல உக்காந்து எடம் புடிச்சு வச்சிருக்கேன். எந்திரிச்சா எவனாவது உக்காந்துருவான்." பையிலிருந்து புத்தகம் எட்டிப் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "செல்லம்மா போன்ல சொன்னா, சார் வந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனாவன்னு. நல்லதாப் போச்சு, வழியிலேயே படிச்சிருப்பீய." செல்லம்மாள் பார்த்திருக்கிறாள்! மிக்ஸியை ஓடவிட்டுவிட்டே பார்த்திருக்கிறாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்காரப் போனார், பெருமாள் சட்டென்று கையைப் பிடித்தார். "ஒரு நிமிசம் நில்லுங்க சார். இவ்வளவு நேரம் நான் உக்காந்திருந்தேன், சூடா இருக்கு. ஆறட்டும்."

வேதமாணிக்கம் நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்தார். சூடு வேட்டி வழியாக உடம்பில் ஏறியது, இன்னொரு மனுஷனின் சூடு, சாதாரணச் சூடு, கட்டி ஒன்றும் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. பெருமாள் பக்கத்து நாற்காலிக்காரரைக் கெஞ்சி நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்த 118ஆம் பக்கத்துச் சொல்லு."

"ஆமா சார். அதுக்காகத்தான் உங்ககிட்ட காட்டாம வச்சிருந்தேன். மதினி ஞாபகமா இருக்கட்டும்னு."

"அது பொய் அண்ணாச்சி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அன்னைக்கு வாயில வந்ததைக் கட்டிச் சொன்னேன். அவ எந்திரிச்சுப் போன சேர் சூடா இருக்குன்னு, ஆறட்டும்னு நின்னுக்கிட்டிருந்தேன். அவ உள்ள விழுந்து கிடந்தா. அதைச் சொல்ல முடியாம இதைச் சொன்னேன்."

பெருமாளின் முகம் மெல்ல வெளுத்தது. ஐநூறு பிரதி அச்சாகிவிட்டது, மேடைக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது, அவர் கண் அதை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இப்போது கோபம் வரும், வரட்டும் என்று இவர் காத்திருந்தார். இந்த ஒரு தடவை இவர் யாரையும் சந்தேகப்படவில்லை.

"அப்ப அந்தச் சூட்டுக்குப் பேரே இல்லையா சார்?" என்று கேட்டார் பெருமாள்.

"இல்லை."

"தமிழ்லயும்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

பெருமாள் நெற்றியைத் தடவிக்கொண்டார், விரலில் விபூதி ஒட்டியது. அதற்குள் தலைமை தாங்குகிறவர் வர நேரமாகிறது, நூலாசிரியர் முதலில் சில வார்த்தைகள் பேசட்டும் என்று மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்து போனார். மைக்கை இரண்டு தட்டு தட்டினார். "எல்லாருக்கும் வணக்கம். முதல்ல ஒரு திருத்தம் சொல்லிருதேன். 118ஆம் பக்கத்துல ஒரு தப்பு விழுந்திருக்கு. சார் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு எழுதிட்டேன். சார் பேரையும் போட்டுட்டேன். தப்பு என்னோடது. நான் போஸ்டாபீஸ்ல முத்திரை குத்துனவன், எனக்கு இங்கிலீசு அவ்வளவுதான். பெரியவங்க மன்னிக்கணும்." புரொபசர்கள் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்வரிசையிலும் சிரிப்பு கேட்டது. பெருமாளும் கூடச் சேர்ந்து சிரித்தார், சட்டையில் காப்பி சிந்தின அதே சிரிப்பு. அது நிஜமான சிரிப்புத்தான் என்று வேதமாணிக்கம் சாருக்கு இருபத்தாறு வருஷம் கழித்து விளங்கியது. நாற்காலியின் சூடு இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நிற்கிற வேலை இனிமேல் வேண்டாம்.

எழுந்தார். கிருபாவதி விழுந்த சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்த மைக்கை இங்க கொடுங்க" என்றார்.